ஒன்பதாவது வரி

போன வாரம் நிவேதா போன் செய்தார். எங்கள் வள மையத்தில் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவர். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வானியல் பாடங்களைத் தமிழில் எழுதி இணையத்தில் போடுகிற வேலை. அவருக்கு என்னிடம் இரண்டு காரியம் ஆக வேண்டியிருந்தது. மையத்தின் இணையதளத்தைப் புதிதாக மாற்றுகிறார்கள், அதில் பழைய ஊழியர்களின் நினைவுகளுக்கு என்று ஒரு பக்கம் வருகிறது, அதற்கு நான் எழுதித் தர வேண்டும். "சந்தோஷமா ஏதாவது எழுதுங்க சார், பசங்களும் படிப்பாங்க" என்றார். அடுத்தது, அலமாரியில் ஏழெட்டு நீள நோட்டுகள் தூசி படிந்து கிடக்கின்றனவாம். புதிய முறையில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பதைக் கம்ப்யூட்டரே குறித்துக்கொள்கிறதாம். நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டார்.

போடாதீர்கள் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதோ மழுப்பிவிட்டு இதை எழுதாமல் தப்பித்திருப்பேன். சந்தோஷமாக எழுதச் சொன்னவரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான்கு நாளாக அட்டுவம்பட்டியில் மஞ்சு இறங்கி, எதிர்வீட்டு வாசல் விளக்குகூடத் தெரியவில்லை. எனக்கும் மனசு அப்படித்தான் இருக்கிறது.

என் வேலைக் கதை சின்னது. கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் லேப் அட்டெண்டராகச் சேர்ந்தேன். குடுவை கழுவினேன், அமிலத்தில் சட்டையைப் பொசுக்கிக்கொண்டேன், டைப்பிங் தெரியும் என்பதால் கம்ப்யூட்டர் வந்ததும் அந்த அறைக்குத் தள்ளப்பட்டேன். அங்கே இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தவர் ரெஜினா மேடம். அவர் ஓய்வுபெற்று, ஒரு பழைய பங்களாவின் இரண்டு அறைகளில் இந்த மையத்தைத் தொடங்கியபோது, "ஞானராஜை எனக்குக் குடுத்துருங்க" என்று பள்ளியில் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு ஓய்வுபெறும்வரை எனக்கு வேறு முதலாளி கிடையாது.

மாதாமாதம் நட்சத்திர வரைபடம் போடுவோம். ஆசிரியர்களுக்குப் பாடத்தாள், செய்முறைத்தாள். தினமும் காலையில் ஒரு சின்னத் தொலைநோக்கி வழியாகச் சூரியனின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்து, அதிலுள்ள கரும்புள்ளிகளைப் பென்சிலால் குறித்து, ஸ்கேன் செய்து ஏற்றுவோம். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் 'இன்று சூரியன் தெரியவில்லை' என்ற ஒரே வரிதான் போகும். இதைப் போய் எதற்கு ஏற்ற வேண்டும் என்று நான் ஒருமுறை அலுத்துக்கொண்டேன். "தெரியலைன்னா தெரியலைன்னு போடுங்க. விட்டுட்டா பாக்கலைன்னு ஆயிரும்" என்றார் மேடம்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். ஆனால் கையில் ஒரு அடி ஸ்கேல் இருக்கும். எந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து, ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, சத்தமாக வாசிப்பார். ஒரு வரி முடிந்த பிறகுதான் ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கும். அவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு எதிரே நிற்பது, நம் சட்டைப்பையை ஒருவர் நிதானமாகத் துழாவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போலத்தான் இருக்கும்.

வாசித்து முடித்தாலும் பக்கம் வெளியே போய்விடாது. வானியல் தெரியாத ஒருவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் சொன்னபடி செய்து பார்க்க வேண்டும். எங்கள் மையத்தில் அந்த ஆள் பார்வதியக்கா. கூட்டித் துடைத்து டீ போடுகிற வேலைக்கு வட்டக்கானலிலிருந்து நடந்து வருவார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். எட்டாவது வரை படித்தவர். தாளில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் செய்வார், ஒரு சொல் கூடக் குறையச் செய்யமாட்டார். முதல் நட்சத்திர வரைபடத்தை அவர் கையில் கொடுத்தபோது மேசை மேல் விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கெழக்கும் மேக்கும் மாறிக் கெடக்கு சார். எங்க அப்பன் தோட்டத்து வரைபடம் பாத்திருக்கேன், தொரை கூட இப்படி மாத்தி வைக்கமாட்டான்."

வான வரைபடத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும், அப்போதுதான் திசை சரியாக வரும். எனக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் எழுதவில்லை. அன்றைக்கே 'தலைக்கு மேலே பிடிக்கவும்' என்று ஒரு வரி சேர்த்தோம். பார்வதியக்கா செய்து பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

அந்த நோட்டுதான் நிவேதா சொன்ன நீள நோட்டு. பதிவேடு என்போம். ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுதியவர், வாசித்தவர், செய்து பார்த்தவர் என்று மூன்று கையெழுத்து. பின்னால் ஏதாவது மாற்றினால் பழைய வரி, புதிய வரி, காரணம், யார், என்றைக்கு என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். ஒரு எழுத்துப்பிழைக்குக்கூட இத்தனை சடங்கா என்று எனக்கு எரிச்சல் வரும். மேடத்துக்கு அதில் தாட்சண்யமே கிடையாது. "அழிக்கிறது லேசு ஞானராஜ். அழிச்சோம்னு சொல்றதுதான் சோலி" என்பார்.

ஒரு மார்கழியில் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலை எங்கள் பக்கமெல்லாம் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. ஊரே பேசிக்கொண்டது. அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பள்ளிகளிலிருந்து எங்கள் கேள்விப்பெட்டிக்கு மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. எப்படிப் பார்ப்பது, எந்தக் கண்ணாடி, எத்தனை மணிக்கு. மேடம் பண்டிகைக்காக நாகர்கோவிலில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். "பக்கத்தை வெரசா ஏத்திருங்க, ஆனா பாத்து ஏத்துங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு கிரகணப் பக்கம் இருந்தது. வேறு நாட்டில் நடந்த முழு கிரகணத்துக்காக முன்பு எழுதியது. மூன்று கையெழுத்தும் வாங்கியது. அதைத் திறந்து படத்தை மாற்றினேன், நேரத்தை மாற்றினேன், ஊர்ப் பெயர்களை மாற்றினேன், 'முழு' என்று வந்த இடமெல்லாம் 'வளைய' என்று போட்டேன். பிரிண்ட் எடுத்துப் பார்வதியக்காவிடம் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எப்படி சார் செஞ்சு பாக்குறது? கெரகணத்தை இப்பவே புடிச்சாரவா முடியும்?"

"பழைய பக்கந்தான்க்கா. முன்னாடியே கையெழுத்துப் போட்டதுதானே, நேரம் மட்டுந்தான் மாத்தியிருக்கு."

"அப்ப சரி" என்றார். பழைய கையெழுத்துகளைப் புதிய பக்கத்துக்கு நானே எடுத்து எழுதினேன். மேடத்தின் பெயரையும் சேர்த்து.

அந்தப் பக்கத்தின் ஒன்பதாவது வரி இது: 'கிரகணத்தின் நடு நேரத்தில் மட்டும் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கலாம்.' முழு கிரகணத்தில் அது சரி. அந்தச் சில நிமிடம் சந்திரன் சூரியனை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் மறைத்துவிடும். வளைய கிரகணத்தில் சுற்றிலும் வளையல் மாதிரி சூரியன் மிச்சமிருக்கும். அந்த வளையல் போதும் கண்ணைச் சுட. ஒரு நொடிகூடக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. லேப் அட்டெண்டராக இருந்த காலத்திலிருந்தே எனக்கு இது தெரியும்.

அன்று காலை நாங்கள் பங்களா முற்றத்தில் நின்று கிரகணம் பார்த்தோம். வானம் நன்றாகத் திறந்திருந்தது. வளையம் வந்தபோது பார்வதியக்கா கண்ணாடிக்குப் பின்னால் கண்ணீர் விட்டார். நான் கைதட்டினேன். யாரும் கண்ணாடியைக் கழற்றவில்லை. எங்களில் ஒருவர்கூட அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கவில்லை, எங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

மூன்றாம் நாள் கேள்விப்பெட்டியில் ஒரு மின்னஞ்சல். ஆயக்குடியிலிருந்து செல்வமணி என்ற அறிவியல் ஆசிரியை. அவரை எனக்கு முன்பே பெயரளவில் தெரியும். எங்கள் பாடத்தாள்களை விடாமல் எடுத்து நடத்துகிறவர், கரும்புள்ளிப் படம் ஒருநாள் தாமதமானால் எழுதிக் கேட்கிறவர். விடுமுறையிலும் பிள்ளைகளை மைதானத்துக்கு வரவழைத்து, எங்கள் தாளைச் சுவரில் ஒட்டி, வரி வரியாக வாசித்துக் காட்டியிருக்கிறார். வளையம் வந்ததும், "யாரும் கழட்டாதீங்க, டீச்சர் மொதல்ல பாத்துட்டுச் சொல்றேன்" என்று பிள்ளைகளை நிறுத்திவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். அவரைப் பார்த்துப் பெரிய பிள்ளைகள் இரண்டு பேரும் கழற்றிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு, எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு நிற்கிறது. பெற்றோர்கள் பள்ளிக்கு வந்து சத்தம் போடுகிறார்கள். 'உங்கள் தாளில் இருந்ததைத்தான் செய்தேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதித் தர வேண்டும்' என்று முடித்திருந்தார்.

பக்கத்தைத் திறந்தேன். வரி இருந்தது. அழித்தேன். இருபது விநாடி ஆகியிருக்கும். பதிவேடு பக்கத்து மேசையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. பிறகு அவருக்குப் பதில் எழுதினேன்.

'வணக்கம். எங்கள் பக்கத்தைச் சரிபார்த்தோம். நீங்கள் குறிப்பிடும் வரி அதில் இல்லை. தயவுசெய்து உடனே கண் மருத்துவரை அணுகவும்.' கீழே மையத்தின் பெயர்.

எழுதிய நேரத்தில் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை வருஷ வேலையில் நான் செய்த மிக நேர்த்தியான காரியம் அதுதான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேடம் ஊரிலிருந்து வந்து, கிரகணம் எப்படிப் போனது என்று கேட்டார். நல்லபடியாகப் போனது என்றேன்.

தை போய் மாசியும் பாதி ஆனது. ஒருநாள் மதியம் பழனி பஸ்ஸில் வந்து இறங்கி, விசாரித்து விசாரித்து ஒரு அம்மாள் பங்களாவுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். மலைப்பாதையில் வாந்தி எடுத்த முகம். பார்வதியக்கா வெந்நீர் கொடுத்தார். பெயரைச் சொன்னதும் நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். மேடம், "இருங்க ஞானராஜ், ஆயக்குடி டீச்சர் வந்திருக்காங்கள்ல" என்றார். எங்கள் தாள்களை விரும்பி எடுக்கும் ஒருவர் பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் அவர் நினைத்தார்.

டீச்சர் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். சுவரிலிருந்து கிழிந்த அதைப் பிள்ளை ஒன்று எடுத்து நோட்டுக்கு அட்டை போட்டிருந்ததாம், நோட்டுத் திருத்தும்போது கண்ணில் பட்டதாம். தாளைப் பிரித்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். நேராகப் பார்த்தால் அவருக்கு எழுத்து தெரியாது.

"இந்த வரியை மட்டும் வாசிங்க மேடம்."

மேடம் ஸ்கேலை எடுத்தார். ஒரு வரியை மட்டும் வாசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. தலைப்பிலிருந்து தொடங்கினார். ஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. அந்த வரிக்கு வந்து, வாசித்து, ஸ்கேலை எடுக்காமல் அப்படியே இருந்தார். பிறகு பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். கிரகணப் பக்கத்தின் கட்டத்தில் அவர் பெயர் என் கையெழுத்தில் இருந்தது. மாற்றம் எதுவும் எழுதப்படவில்லை. கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்தார். வரி அங்கே இல்லை.

"சொல்லுங்க ஞானராஜ்" என்றார்.

சொன்னேன். அழித்ததைச் சொன்னேன், பதில் எழுதியதைச் சொன்னேன். டீச்சர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நான் சண்டை போட வரல மேடம்" என்றார் அவர். "இந்த வரி எங்க போச்சுன்னுதான் எனக்குத் தெரியணும். ஹெச்.எம். போன்ல தொறந்து பாத்தாரு, இல்ல. நானும் பாத்தேன், இல்ல. இங்கருந்தும் இல்லைன்னு லெட்டர் வந்துருச்சு. இல்லாத ஒண்ணை நாந்தான் படிச்சுட்டேனோன்னு இருந்துச்சு. கண்ணு இப்படி ஆனதுல, அதுக்கு முன்னாடி நான் படிச்சது மேலயும் நம்பிக்க போயிருச்சு. சுவத்துல ஒட்டுனதை அன்னிக்கே யாரோ கிழிச்சுப் போட்டுட்டாங்க. கடைசில, இணையத்துல இல்லாததை நானா சொல்லிட்டேன்னு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டேன். என் கையெழுத்துல குடுத்திருக்கேன் மேடம்."

பார்வதியக்கா வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நானும் கையெழுத்து இல்லாமத்தானே விட்டேன்" என்று முனகினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கு நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மேடம் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்துப் பேனாவைக் கொடுத்தார். பக்கம், வரி எண், பழைய வரி, புதிய வரி எல்லாம் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'பிழை' என்று எழுதினேன். மேடம் அதை அடித்தார்.

"அது வரி இருந்ததுக்குக் காரணம். வரியை அழிச்சதுக்கு என்ன காரணம்?"

'பயம்' என்று எழுதினேன். டீச்சர் கொண்டுவந்த தாளை மேடம் அதன் எதிரே பசை போட்டு ஒட்டினார்.

அன்றைக்கே பக்கத்தின் தலையில் போட ஒரு அறிவிப்பு எழுதினார். இந்தப் பக்கத்தில் முன்பு ஒரு தவறான வரி இருந்தது, ஆயக்குடி ஆசிரியை படித்தது சரி, வரி இல்லை என்று மையம் அவருக்கு அனுப்பிய பதில் பொய், என்று மூன்று வாக்கியம். மையத்தின் நிர்வாகக் குழு அதைப் பார்த்துவிட்டு முதல் வாக்கியத்தை மட்டும் அனுமதித்தது. மேடம் மூன்று முறை எழுதிப் போராடினார். பள்ளிக்குத் தன் பெயரில் தனியாகக் கடிதம் போட்டார். விஷயம் முடிந்துவிட்டது, கோப்பை மூடியாயிற்று என்று பதில் வந்தது. டீச்சரின் மன்னிப்புக் கடிதம் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. அவருடைய இடது கண் மெதுவாகத் தெளிந்தது. வலது கண் தெளியவில்லை. அறிவியலிலிருந்து எடுத்து நூலகத்துக்குப் போட்டார்கள். நேராகப் பார்த்து வாசிக்க முடியாத ஒருவரைக் கொண்டுபோய்ப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார வைத்தார்கள்.

என்னை மேடம் வேலையை விட்டு அனுப்பவில்லை. நானே போகிறேன் என்றதற்கு, "போனா யாரு எழுதுவா?" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை என்னிடம் குரல் மாறவே இல்லை. ஆனால் பிரிண்ட் எடுத்த தாளைக் கொடுத்தால் முன்பு ஒருமுறை வாசிப்பவர், இரண்டு முறை வாசிக்கத் தொடங்கினார். போன வருஷம் அவரை அடக்கம் செய்தோம். அந்த மூன்று வாக்கியத்தில் இரண்டு இன்னும் பாக்கி நிற்கிறது.

ஆகவே நிவேதா, சந்தோஷமான நினைவு கேட்டீர்கள், என்னிடம் இருப்பது இதுதான். ஆயக்குடி செல்வமணி டீச்சர் படித்தது சரி. வரி இல்லை என்று மையத்தின் பெயரில் அவருக்குப் பதில் அனுப்பியது நான். அது பொய். போட்டால் முழுதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இதையும் யாராவது செய்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமே. நேற்று காலை வெள்ளனே டீச்சருக்குப் போன் செய்து, இதுவரை எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டினேன். முடித்ததும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"போடுங்க சார்" என்றார். பிறகு, "ஒண்ணே ஒண்ணு. ஒம்பதாவது வரின்னு எழுதியிருக்கீங்க. அது பத்தாவது வரி" என்றார்.

"பதிவேட்டுல ஒன்பதுன்னுதான் எழுதினேன் டீச்சர்."

"பத்து சார். எத்தனை தடவ படிச்சிருக்கேன்."

நிவேதாவை அழைத்து, எடைக்குப் போக இருந்த நோட்டை எடுத்து, எதிரே ஒட்டியிருக்கும் தாளில் வரிகளை எண்ணச் சொன்னேன். அவர் சத்தமாகவே எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

மேலே எழுதியதைத் திருத்தவில்லை, தலைப்பு உட்பட அப்படியே விட்டிருக்கிறேன். பழைய வரி: ஒன்பது. புதிய வரி: பத்து. காரணம்: செல்வமணி டீச்சர் படித்தது சரி.